ஓடும் எந்திரத்தைப் பழுதுபார்த்தவர்கள்

தோட்டத்து ஆபீசில் மட்டும் தொலைபேசி மணி ஒலித்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளியூரில் ஒரு சாவு, பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைப்பேறு என்றால், கிராணி எடுத்துப் பேசிவிட்டு லயத்துக்கு ஆள் அனுப்புவார். இன்று அதே மணி நம் சட்டைப் பையில் ஒலிக்கிறது. அன்றும் சரி, இன்றும் சரி, நாம் எண்ணைத் தட்டுவதற்கும் மறுமுனையில் குரல் கேட்பதற்கும் நடுவே ஒரு பெரிய வேலை நடக்கிறது. ஆயிரமாயிரம் வழிகளில் நம் அழைப்புக்குரிய வழியைத் தேடிப் பிடித்து இணைத்துவிட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் எந்திரத்துக்குச் சுவிட்சு என்று பெயர். நாம் விளக்குப் போடும் சுவிட்சை இதனோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. இது ஒரு கட்டடம் நிறைய இருக்கும் எந்திரம்.

பிற்காலத்தில் இந்த எந்திரம் கணினியாக மாறியது. கணினி என்றால் அதற்குள் கட்டளைகள் இருக்கும். அந்தக் கட்டளைத் தொகுதியை நிரல் என்றும் மென்பொருள் என்றும் சொல்கிறோம். சுவிட்சின் நிரல் கெட்டுப்போனால் யார், எப்படிச் சரிசெய்தார்கள் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட வரலாறு. இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. ரப்பர் ஆலையில் உருளை எந்திரம் கெட்டால் நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்க்கலாம். தொலைபேசிச் சுவிட்சை நிறுத்த முடியாது. அதன் வழியாக எந்த நேரமும் யாரோ ஒருவர் வைத்தியரை அழைத்துக்கொண்டிருப்பார்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. தொடக்க காலத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கேட்ட எண்ணுக்குக் கையாலேயே கம்பியைச் செருகி இணைப்புக் கொடுத்தார்கள். கன்சாஸ் சிட்டி நகரில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் சவ அடக்கத் தொழில் செய்துவந்தார். தமக்கு வரும் அழைப்புகளைப் போட்டிக்காரருக்கு வேண்டிய பெண்மணி திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆளே இல்லாமல் இணைக்கும் கருவியை அவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, கருவி மெய். 1891ஆம் ஆண்டு அதற்கு அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அது வேலைக்கு வந்தது. அந்தக் கருவியில் தண்டுகள் ஏறின, சுழன்றன, கண்ணுக்குத் தெரிந்தன. எது சிக்கிக்கொண்டது என்று பார்த்தே கண்டுபிடிக்கலாம். எண்ணெய் விட்டுத் துடைத்து ஓட்டலாம். பல பத்தாண்டுகள் உலகம் அப்படித்தான் ஓடியது.

பெல் ஆய்வுக்கூடத்தார் 1960ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் மோரிஸ் என்னும் சிற்றூரில் மின்னணுச் சுவிட்சு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். பிறகு 1965ஆம் ஆண்டு மே மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தின் சக்கசன்னா என்ற ஊரில் முதலாவது பெரிய மின்னணுச் சுவிட்சைச் சேவைக்கு விட்டார்கள். அதன் பெயர் 1 இ.எஸ்.எஸ். இதை வடித்தவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட இலக்கை நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். 40 ஆண்டுகளில் 2 மணி நேரத்துக்குமேல் அது படுத்துவிடக் கூடாது! ஒரு பால்மரத்தை நட்டு, வளர்த்து, வெட்டி, சாய்த்து, மறுநடவு செய்த கன்றும் பால் தரும் காலம் அது. அவ்வளவு காலத்துக்குள் ஒரு நண்பகல் உறக்க நேரந்தான் எந்திரத்துக்கு ஓய்வு.

இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. மூளை ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்கள். இரண்டு மூளையும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடும். விடை ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால், எது தவறியது என்று சோதித்து, தவறியதை ஒதுக்கிவிட்டு மற்றது வேலையைத் தொடரும். ஒதுக்கிய மூளையை நிரலே சோதனை செய்து, முடிவை ஓர் எண்ணாகத் தட்டச்சு எந்திரத்தில் அடித்துக் கொடுக்கும். பணியாளர் அந்த எண்ணை ஒரு தடித்த அகராதியில் தேடுவார். இன்ன எண் வந்தால் இன்ன அட்டையை மாற்று என்று அதில் போட்டிருக்கும். இந்த அகராதியை எப்படித் தயாரித்தார்கள் தெரியுமா? நல்ல எந்திரத்தில் வேண்டுமென்றே ஆயிரக்கணக்கான பழுதுகளை ஒவ்வொன்றாக உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் எந்திரம் என்ன சொல்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். நோயைத் தாமே வரவழைத்து நாடி பார்த்து எழுதிய வைத்திய நூல் என்று அதைச் சொல்லலாம்.

நிரலையும் அவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அலுமினியத் தகடுகளில் சின்னஞ்சிறு காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒரு தகட்டில் 2,816 துண்டுகள். காந்தம் ஏறியது ஒரு குறி, ஏறாதது இன்னொரு குறி. இவற்றின் வரிசைதான் கட்டளை. நிரலைத் திருத்த வேண்டுமானால் தகடுகளை வெளியே எடுத்து, புதிதாகக் காந்தமேற்றி, மறுபடியும் செருக வேண்டும்.

ஆனால் எல்லாப் பழுதும் தகட்டிலோ கம்பியிலோ வருவதில்லை. பேசி முடித்துவிட்டார்கள், ஆனால் அந்த வழி இன்னும் பேச்சில் இருப்பதாகக் கணினியின் குறிப்பில் நின்றுவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் காணாமற்போனால் நாளடைவில் வழியே இல்லாமற் போகும். அதனால் காலைப் பெரட்டில் கங்காணி தலை எண்ணிப் பெயரோடு சரிபார்ப்பதுபோல, ஓய்வு கிடைத்த போதெல்லாம் குறிப்புகளைச் சரிபார்த்து, தொலைந்த வழிகளை மீட்கும் தணிக்கை நிரல்களையும் உள்ளே வைத்தார்கள்.

இந்தத் துறையில் ஒரு பெண்மணியின் பெயரை நாம் கட்டாயம் சொல்ல வேண்டும். எர்னா ஹூவர் என்பவர் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அழைப்புகள் ஒரேயடியாக வந்து குவிந்தால் கணினி திக்குமுக்காடிப்போகும். வருவதை வாங்கி வைப்பதிலேயே நேரம் போய், எதையும் முடிக்காது. எவ்வளவு கூட்டம் என்று தானே அளந்து, தாங்கும் அளவுக்கு மட்டும் புது அழைப்பை ஏற்றுக்கொள்ளும்படி கணினியைப் பழக்கும் வழியை ஹூவர் கண்டார். மகளைப் பெற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது அந்தத் திட்டத்தை வரைந்தாராம். காப்புரிமைத் தாளில் கையெழுத்து வாங்க வக்கீல்கள் அவர் வீட்டுக்கே வர வேண்டியிருந்தது. அந்தக் காப்புரிமை 1971ஆம் ஆண்டு கிடைத்தது. நம் வீடுகளில் படிக்கும் பெண்பிள்ளைகள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னவை ஒரு சுவிட்சுக்குள் நடந்தவை. சுவிட்சுகள் பல ஒன்றோடொன்று பேசத் தொடங்கியதும் முன்பு யாரும் காணாத ஒரு நோய் தலைகாட்டியது.

இன்றைய இணையத்துக்கு முன்னோடி அர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பு. அது 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. அதில் கணினிகளுக்கு நடுவே செய்திகளைக் கைமாற்றிவிடும் சுவிட்சுகளுக்கு இம்ப் என்று பெயர். ஒவ்வோர் இம்ப்பும் என் பக்கத்துப் பாதைகள் இன்ன நிலையில் உள்ளன என்று அவ்வப்போது ஓர் அறிக்கை அனுப்பும். அடுத்த இம்ப் அதை வாங்கித் தானும் குறித்துக்கொண்டு, தன் அண்டையாருக்கும் அனுப்பும். எது புது அறிக்கை, எது பழையது என்று தெரிவதற்காக அறிக்கைக்கு 0 முதல் 63 வரை வரிசை எண் உண்டு. 63க்குப் பிறகு மறுபடியும் 0.

1980ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி இந்த வலையமைப்பு முழுவதும் பல மணி நேரம் பயனற்றுப்போனது. எந்த எந்திரமும் அணையவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் யாருடைய செய்தியும் போகவில்லை. பராமரித்து வந்த பொறியியலாளர்கள் இம்ப்புகளின் நினைவகத்தை அப்படியே எழுத்தில் இறக்கிப் பார்த்தார்கள். 50ஆம் எண் இம்ப்பிலிருந்து வந்ததாகக் காட்டும் 3 அறிக்கைகளே எங்கும் நிறைந்து கிடந்தன. அவற்றின் எண்கள் 8, 40, 44. திரும்பத் திரும்ப அதே மூன்று.

இது ஏன் நின்றுபோகவில்லை என்பதை நம் வீட்டுக் கடிகாரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். முள் 4இல் இருந்து 8க்குப் போனால் முன்னே போனதாகக் கொள்கிறோம். 8இல் இருந்து 12க்குப் போனாலும் முன்னேதான். 12இல் இருந்து 4க்குப் போனாலும் முன்னேதான். அப்படியானால் 4, 8, 12 என்னும் மூன்றில் எது கடைசி? சொல்ல முடியாது அல்லவா? அதே கதைதான் இங்கும். 8ஐவிட 40 புதியது, 40ஐவிட 44 புதியது, 44ஐவிட 8 புதியது என்று இம்ப்புகள் எண்ணிக்கொண்டன. ஒவ்வொன்றையும் புதுச் செய்தி என்று வாங்கிக் குறித்துக்கொண்டு அண்டையாருக்கு அனுப்பின, அவை திரும்பி வந்தன, மறுபடியும் அனுப்பின. நிலை அறிக்கைக்குத்தான் முதல் உரிமை என்று நிரலில் விதித்திருந்ததால், மற்றச் செய்திகளுக்கு முறையே வரவில்லை.

மூலகாரணம், அன்று 29ஆம் எண் இம்ப்பில் இருந்த ஒரு வன்பொருள் பழுது. 44 என்பதைக் கணினி தன் இருமக் குறிகளில் 101100 என்று எழுதும். அதில் ஒரு குறி உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொரு குறியும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. கம்பியில் வரும்போது செய்தியைச் சரிபார்க்க ஏற்பாடு இருந்தது. நினைவகத்தில் கிடக்கும்போது அது கெட்டால் கண்டுபிடிக்க வழியில்லை.

சரிசெய்வதிலும் ஒரு தொல்லை. ஓர் இம்ப்பை அணைத்துத் துடைத்துப் புதிதாகத் தொடங்கினால், மறுகணமே பக்கத்து இம்ப் அந்த மூன்று அறிக்கைகளையும் கொண்டுவந்து கொட்டும். ஒரு லயத்தில் மட்டும் கொசு மருந்து அடித்துவிட்டுப் பக்கத்து லயத்தை விட்டுவைத்தால் மலேரியா போகுமா? ஆகவே, 50ஆம் இம்ப்பின் அறிக்கை எது வந்தாலும் ஏற்காதே என்று ஒரு சிறு ஒட்டுக் கட்டளையை எல்லா இம்ப்புகளுக்கும் ஏற்றினார்கள். நோய் தீர்ந்தது. இந்த நிகழ்ச்சியை எரிக் ரோசன் என்ற பொறியியலாளர் ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டார். தங்கள் எந்திரத்தின் குறையைத் தாங்களே ஊரறியச் சொன்ன அந்த நேர்மையால்தான் இன்று நாமும் அதைப் பேச முடிகிறது.

பத்து ஆண்டு கழிந்தது. இப்போது நாம் 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதிக்கு வருகிறோம். அன்று திங்கட்கிழமை, அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. அந்நாட்டில் தொலைதூர அழைப்புகளில் மிகப் பெரும் பங்கை ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் சுமந்துவந்தது. அதன் முதுகெலும்பாக 4 இ.எஸ்.எஸ். என்னும் 114 பெரிய சுவிட்சுகள் இருந்தன. அவற்றைக் கண்காணிக்கும் கூடம் நியூ ஜெர்சியில் பெட்மின்ஸ்டர் என்னும் ஊரில் இருந்தது. பிற்பகல் 2:25 மணிக்கு அங்கிருந்த திரைகளில் சிவப்புக் குறிகள் தோன்றின. சிறிது நேரத்தில் நாடெங்கும் சிவப்பு. அழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. இரவு 11:30 வரை, 9 மணி நேரம் இதே நிலை. ஏறக்குறைய 7 கோடி அழைப்புகள் வீணாயின என்று கணக்கிட்டார்கள். நிறுவனத்துக்கு நட்டம் 6 கோடி டாலர் என்றார்கள். விமானச் சீட்டு, ஹோட்டல், வங்கி என்று தொலைபேசியை நம்பிய தொழில்கள் தடுமாறின. அந்த 7 கோடியில் தாயை அழைத்த மகன் எத்தனை பேர், சாவுச் செய்தி சொல்ல முயன்றவர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

விஷமிகள் யாரோ செய்த வேலை என்று பலர் சந்தேகித்தார்கள். உண்மை வேறு. முந்திய டிசம்பர் மாத நடுவில் அந்த 114 சுவிட்சுகளிலும் திருத்திய நிரல் ஏற்றியிருந்தார்கள். எதற்கான திருத்தம்? ஒரு சுவிட்சு மயங்கி எழுந்தால் இன்னும் வேகமாக வேலைக்குத் திரும்புவதற்கான திருத்தம்! குணப்படுத்தும் மருந்திலேயே நஞ்சு கலந்திருந்தது.

நடந்தது இதுதான். நியூயார்க்கில் ஒரு சுவிட்சுக்குச் சிறு கோளாறு. முறைப்படி அது, 'எனக்கு இப்போது அழைப்பு அனுப்பாதீர்கள்' என்று அண்டைச் சுவிட்சுகளுக்குச் சொல்லிவிட்டு, சில விநாடிகளில் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. பழைய நிரலாயிருந்தால் 'திரும்பிவிட்டேன்' என்று தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கும். புது நிரலில் அது தேவையில்லை. அது அழைப்பை அனுப்பத் தொடங்கியதைக் கண்டே, எழுந்துவிட்டது என்று மற்றவை குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இரண்டாவது செய்தி வந்துவிட்டால்? அங்கேதான் பிழை.

அந்த நிரல் 'சி' என்னும் கணினி மொழியில் எழுதியது. அம்மொழியில் 'இதைவிட்டு வெளியேறு' என்று பொருள்படும் ஒரு கட்டளை உண்டு. எழுதியவர் அதை உட்பகுதி ஒன்றுக்குள் வைத்தார். கணினி அந்த உட்பகுதியை மட்டும் விட்டு வெளியேறவில்லை. அதைச் சூழ்ந்த பெரும்பகுதியையே விட்டு வெளியேறியது. உள்ளறையிலிருந்து கூடத்துக்கு வா என்று சொன்னால் ஒருவன் வாசலையும் தாண்டி வீதிக்குப் போய்விட்டதைப் போன்றது இது. பாதியில் விட்ட வேலையால் குறிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டன. குறிப்புக் கெட்டதைச் சுவிட்சே கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் முறைப்படி என்ன செய்தது? 'எனக்கு அழைப்பு அனுப்பாதீர்கள்' என்று அண்டையாருக்குச் சொல்லிவிட்டுத் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. எழுந்து அழைப்பை அனுப்பியது. அடுத்த சுவிட்சு விழுந்தது. அது எழுந்தபோது முதலில் விழுந்ததே மறுபடியும் விழுந்தது.

எல்லாச் சுவிட்சிலும் ஒரே நிரல். துணையாக நின்ற இரண்டாவது மூளையிலும் அதே நிரல். ஒரே இன ஒட்டுக்கன்றைத் தோட்டம் முழுவதும் நட்டுவிட்டால் ஒரு மரத்துக்கு வரும் இலைநோய் எல்லா மரத்துக்கும் வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூளை இரண்டாக இருந்தது கம்பி கெட்டதற்கு மருந்தாயிற்று. கட்டளை கெட்டதற்கு மருந்தாகவில்லை.

பொறியியலாளர்கள் வழக்கமான முறைகளையெல்லாம் முயன்று பார்த்தார்கள். பலிக்கவில்லை. பிறகு சுவிட்சுகளுக்கிடையே ஓடிய செய்திகளின் சுமையைக் குறைத்தார்கள். செய்திகள் அருகருகே வந்து மோதுவது நின்றது. சுவிட்சுகள் விழாமல் நிமிர்ந்தன. பிழையான வரி எது என்றே தெரியாத நிலையில், அறிகுறியை மட்டும் பார்த்து இதைச் செய்தார்களே, அதை நாம் பெரிதாகவே நினைக்க வேண்டும். பிழையை எழுதியவரைத் தூற்றுவது எளிது. அந்த நிரல் சோதனைகளைக் கடந்து, ஒரு மாதம் நாடெங்கும் குறையின்றி ஓடியது என்பதையும் மறக்கலாகாது. இரண்டு செய்திகள் அவ்வளவு நெருக்கமாக வர வேண்டும். அதுவரை அந்தப் பிழை உறங்கிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த நிறுவனம் அந்த ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி கட்டணக் குறைவு கொடுத்தது.

இத்தனைக்குப் பிறகும் மறு ஆண்டே இன்னொரு சம்பவம். 1991ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், பிட்ஸ்பர்க், சான் பிரான்சிஸ்கோ ஆகிய வட்டாரங்களில் தொலைபேசி படுத்தது. சுவிட்சுகளுக்கிடையே செய்தி கடத்தும் எந்திரங்களின் நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்திருந்தார்கள். பல இலட்சம் வரிகளில் மூன்று வரிதான் மாறியது. மூன்று வரிக்காக முழுச் சோதனையையும் மறுபடி நடத்துவானேன் என்று விட்டுவிட்டார்கள். அந்த மூன்று வரிக்குள் ஓரிடத்தில் 'டி' என்ற எழுத்து வர வேண்டிய இடத்தில் '6' அச்சாகியிருந்தது.

இன்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கணினி அறையிலும் சுவரில் ஒரு சிறு பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு சுவிட்சுதான். அதற்குள்ளும் ஒரு நிரல் இருக்கிறது. அத்தகைய பெட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். புது நிரலை முதலில் ஒரே ஒரு பெட்டியில் ஏற்றிப் பார்ப்பார்கள். பழைய நிரலின் பிரதி ஒன்றை அழிக்காமல் வைத்திருப்பார்கள். புதியது சண்டித்தனம் செய்தால் பழையதற்கே திரும்புவார்கள். பெட்டி தானே எழுதிவரும் நாட்குறிப்பைப் படித்து, எத்தனை மணிக்கு எது முதலில் விழுந்தது என்று தேடுவார்கள். இந்தப் பழக்கங்களின் பின்னால் நாம் மேலே கண்ட பிற்பகல்களும் இரவுகளும் இருக்கின்றன.

1991ஆம் ஆண்டுச் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்க அரசாங்கம் வேறொன்றும் செய்தது. அதுவரை தொலைபேசி படுத்தால் அது அந்தந்த நிறுவனத்தின் வீட்டு விவகாரம். 1992ஆம் ஆண்டு ஒரு விதி வந்தது. 50,000 வாடிக்கையாளர்களை 30 நிமிடமோ அதற்கு மேலோ பாதிக்கும் எந்தத் தடையையும் அரசாங்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பிறகு 30,000 என்று குறைத்தார்கள்.